மண்டையின் அடியில் ஒரு சாதுக் கட்டி



"டிரசர் ஐயா, மோட்டார் சைக்கிளில் விழுந்ததுக்குத்தான் ஸ்கேன் எடுத்தாங்க. இப்போ தலைக்குள்ள கட்டி இருக்குன்னு எழுதியிருக்காங்களே!" என்று சீட்டும் கையுமாக வருகிறவர்கள் இந்தக் காலத்தில் உண்டு. முன்பெல்லாம் தலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வழி இல்லை. இன்று சி.டி. ஸ்கேனும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் வந்துவிட்டன. தேடிப் போன நோய் இல்லை என்று தெரிகிற அதே படத்தில், தேடாத ஒன்று கண்ணில் பட்டுவிடுகிறது.

அப்படிக் கண்ணில் படுகிறவற்றில் ஒன்றைப் பற்றித்தான் இந்த மாதம் சொல்லப் போகிறேன். மண்டையோட்டின் அடித்தளத்தில், நட்ட நடுவில் இருக்கும் சிறு கட்டி அது. பெரும்பாலும் சாதுவானது. ஆனால் அதே இடத்தில், ஏறக்குறைய அதே தோற்றத்தில், ஒரு பொல்லாத கட்டியும் வருவது உண்டு. இரண்டையும் பிரித்து அறிவதில்தான் எல்லாமே இருக்கிறது. பயந்து ஓடவும் கூடாது. அலட்சியமாக இருக்கவும் கூடாது.

கருவில் இருந்த நாண்

நாம் தாயின் வயிற்றில் மூன்று, நான்கு வாரக் கருவாக இருந்தபோது நமக்கு எலும்பு கிடையாது. தலையிலிருந்து வால்பக்கம் வரை, உடம்பின் நடுக்கோட்டில், மெல்லிய கயிறு போன்ற ஒரு தண்டு மட்டும் இருந்தது. அதற்கு முதுகுநாண் என்று பெயர். கொடி படர்வதற்குக் கொம்பு நட்டு வைக்கிறோம் அல்லவா? அதுபோல, இந்த நாணைச் சுற்றித்தான் முதுகெலும்பு உருவாகிறது.

முதுகெலும்பு வந்ததும் நாணுக்கு வேலை முடிந்து போகிறது. அது கரைந்து மறைந்துவிடுகிறது. ஆனால் முழுவதும் மறைவதில்லை. முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க் என்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். செம்பனைக் குலை தூக்கித் தூக்கி "டிஸ்க் விலகிப் போச்சு" என்று படுத்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அந்த டிஸ்க்கின் நடுவில் இருக்கும் கொழகொழப்பான பொருள், இந்த முதுகுநாணின் வழியில் வந்ததுதான்.

சில பேருக்கு, நாணின் சிறு துணுக்கு அதன் இரண்டு முனைகளிலோ நடுவிலோ தங்கிவிடுகிறது. கீழ்முனை என்பது ஆசனவாய்க்கு மேலே உள்ள வால் எலும்புப் பகுதி. மேல்முனை என்பது மண்டையோட்டின் அடித்தளம். அந்த மேல்முனையில் தங்கிய துணுக்குதான் நம் விஷயம்.

அது எந்த இடம்?

இரண்டு காதுத் துவாரங்களையும் ஒரு கம்பியால் இணைப்பதாக நினைத்துக் கொள்ளுங்கள். மூக்கிலிருந்து நேர் பின்னால் இன்னொரு கம்பி விடுங்கள். இரண்டும் ஏறக்குறைய எங்கே சந்திக்கின்றனவோ, அங்கே சரிந்து நிற்கும் ஓர் எலும்பு இருக்கிறது. டாக்டர்கள் அதைக் கிளைவஸ் என்பார்கள். அதற்கு முன்னால் மூக்கின் பின்புறம், தொண்டையின் கூரை. அதற்குப் பின்னால் மூளைத்தண்டு. நாம் மூச்சு விடுவது, விழுங்குவது, கண்ணைத் திருப்புவது எல்லாம் அந்தத் தண்டின் வழியாக நடக்கிறது. மூளைத்தண்டை ஒட்டி ஒரு முக்கியமான இரத்தக் குழாயும் ஓடுகிறது. ஆகவே, கத்தி வைப்பதற்கு முன்னால் எந்த டாக்டரும் பத்துத் தடவை யோசிக்கிற இடம் அது.

இந்தச் சாதுத் துணுக்கு இரண்டு விதமாக இருக்கும். ஒன்று, எலும்பின் பின்பக்கம் மூளைத்தண்டை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு பாகு உருண்டை. இதற்கு எக்கோர்டோசிஸ் ஃபிசலிஃபோரா என்று நீளமான பெயர். பெரும்பாலும் இது 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. இரண்டாவது, எலும்புக்கு உள்ளேயே தங்கியிருப்பது. இதை உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட எலும்புக் கட்டிகளின் பட்டியலில் தனி வகையாகச் சேர்த்தார்கள். இரண்டுமே சாது வகைதான்.

இது புதிதாக முளைத்த நோயும் அல்ல. ஜெர்மன் டாக்டர் விர்ஹோ 1857-லேயே, இறந்தவர்களின் மண்டையோட்டைச் சோதித்தபோது கண்டு எழுதியிருக்கிறார். குருத்தெலும்பு என்று அவர் நினைத்தார். அடுத்த ஆண்டு முல்லர் என்ற இன்னொரு ஜெர்மானியர், இது முதுகுநாணின் மிச்சம் என்று சொன்னார். முல்லர் சொன்னதே சரி என்று பின்னால் தெரிந்தது.

எத்தனை பேருக்கு இருக்கும்?

வேறு காரணங்களால் இறந்தவர்களின் உடலைச் சோதித்ததில், நூறு பேரில் இரண்டு பேர் வரை இந்தப் பாகு உருண்டை இருந்திருக்கிறது. அவர்கள் உயிரோடு இருந்த காலத்தில் அதனால் ஒரு தொல்லையும் இல்லை. இருப்பதே தெரியாமல் வாழ்ந்திருக்கிறார்கள். பெரட்டுக்கு நூறு பேர் நின்றால், அதில் ஒருவருக்கோ இருவருக்கோ இது இருக்கலாம். எனக்கும் இருக்கலாம், உங்கள் மண்டோருக்கும் இருக்கலாம்.

பொல்லாத கட்டி எது?

அதே நாணின் மிச்சத்திலிருந்து கோர்டோமா என்ற புற்றுக்கட்டியும் வருகிறது. இது மிக அரிது. ஆண்டொன்றுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் வரும். மண்டை அடித்தளம், முதுகெலும்பு, வால்பக்க எலும்பு ஆகிய மூன்று இடங்களிலும் அது காணப்படும். மெதுவாக வளரும், ஆனால் எலும்பை அரித்துக்கொண்டே வளரும். அறுத்து எடுத்தாலும் திரும்ப வரும் குணம் உண்டு. அதனால்தான் அதற்குப் பெரிய அறுவைச் சிகிச்சையும், பிறகு கதிர் வைத்தியமும் தேவைப்படுகின்றன.

இப்போது கணக்கைப் பாருங்கள். சாது வகை நூற்றில் இரண்டு வரை. பொல்லாத வகை பத்து லட்சத்தில் ஆண்டுக்கு ஒன்று. சீட்டில் "கட்டி" என்று பார்த்ததும் பொல்லாததையே நினைத்துக்கொண்டு அழ வேண்டியதில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆனால் இருட்டில் இருப்பது என்ன என்று விளக்கு வைத்துப் பார்க்கவும் வேண்டும்.

எப்படிப் பிரித்துப் பார்க்கிறார்கள்?

விளக்கு என்று நான் சொன்னது எம்.ஆர்.ஐ. படம். இது காந்தத்தால் எடுக்கப்படுகிறது. எக்ஸ்ரே கதிர் கிடையாது. டாக்டர்கள் முக்கியமாக நான்கு விஷயங்களைப் பார்ப்பார்கள்.

1. நிறம். சாதுக் கட்டி பாகு போன்றது என்பதால், ஒரு வகைப் படத்தில் தண்ணீரைப் போல வெள்ளையாகவும் இன்னொரு வகைப் படத்தில் கறுப்பாகவும் தெரியும். இது மட்டும் போதாது. கோர்டோமாவும் இப்படித் தெரிவது உண்டு.

2. சாய ஊசி. கையில் ஒரு மருந்து ஏற்றி மறுபடி படம் எடுப்பார்கள். சாதுக் கட்டி அந்த மருந்தைப் பொதுவாக வாங்கிக் கொள்வதில்லை. கோர்டோமா பெரும்பாலும் வாங்கிக் கொண்டு மின்னும்.

3. எலும்பு. இதற்குச் சி.டி. ஸ்கேன் நல்லது. சாதுக் கட்டி எலும்பை அரித்து அழிப்பதில்லை. எலும்புக்குள் இருக்கும் வகையில் எலும்பு சற்று இறுகித் தெரியலாம். கோர்டோமா எலும்பைத் தின்று வெளியே சதையாகப் பிதுங்கும்.

4. காலம். இதுதான் பெரிய சாட்சி. சில மாதம் கழித்து எடுத்த படத்திலும், அடுத்த வருடம் எடுத்த படத்திலும் அளவு மாறாமல் இருந்தால், அது சாது என்ற நம்பிக்கை பலப்படுகிறது. வளர்ந்தால் டாக்டர் யோசனையை மாற்றுவார்.

"ஏன் ஐயா, ஒரு துணுக்கு எடுத்துச் சோதிச்சா ஒரே நாளில் தெரிஞ்சிடாதா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. மற்றக் கட்டிகளுக்கு அப்படிச் செய்கிறோம். இங்கே இரண்டு சிக்கல். ஒன்று, முன்பே சொன்ன ஆபத்தான இடம். இரண்டு, சாதுவும் பொல்லாததும் ஒரே நாணின் பிள்ளைகள். பிராக்கியூரி என்ற ஒரு புரதத்தை வைத்துத்தான் நாணின் வழி வந்த அணுக்களை அடையாளம் காண்பார்கள். அந்தப் புரதம் இரண்டிலுமே இருக்கும். சின்னத் துணுக்கை மட்டும் பார்த்தால் சில நேரம் பிரித்துச் சொல்வது கடினம். ஆகவே, தொல்லை தராத சிறு கட்டியில் ஊசியோ கத்தியோ போடாமல், படத்தையும் காலத்தையும் நம்புகிறார்கள். இது டாக்டரின் அலட்சியம் அல்ல.

கவனித்து வருவதும் வைத்தியமே

தொல்லை இல்லாத சாதுக் கட்டிக்கு மருந்து கிடையாது, தேவையும் கிடையாது. கதிர் வைத்தியமும் வேண்டாம். குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை படம் எடுத்துப் பார்ப்பதுதான் வைத்தியம். முதல் படத்துக்குப் பிறகு சில மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மறுபடி பார்ப்பார்கள். மாற்றம் இல்லையென்றால் இடைவெளியைக் கூட்டுவார்கள். எத்தனை மாதம் என்பதை உங்கள் டாக்டர் கட்டியைப் பார்த்து முடிவு செய்வார். சாதுவாக இருந்தது பின்னால் கோர்டோமாவாக மாறுவது மிக மிக அரிது. அந்த அரிதுக்காகத்தான் இந்தக் காவல்.

இந்த இடத்தில் இரண்டு குடும்பங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டிலும் தலைக் கட்டி என்றுதான் சீட்டு வந்தது. முதல் குடும்பத்தில் குலை வெட்டும் தம்பிக்குச் சீட்டு வந்த வாரமே, "கட்டியைக் கரைக்கும் எண்ணெய்" என்று வீடு தேடி ஒருவன் வந்துவிட்டான். தாலிக்கொடி அடகுக்குப் போனது. மூன்று மாதம் எண்ணெய் தேய்த்தார்கள். ஸ்கேன் தேதி வந்தபோது கையில் பஸ் காசு இல்லை என்று போகவில்லை. கட்டி கரையவும் இல்லை, வளரவும் இல்லை. கரைந்தது கொடி மட்டும்தான். இரண்டாவது குடும்பத்தில் ஓர் அம்மாளுக்கு "பினைன்" என்று எழுதியிருந்தார்கள். "ஒண்ணுமில்லையாம்" என்று படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து வேறு ஊர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்தபோது, "பழைய படம் எங்கே? வளர்ந்திருக்கிறதா என்று எப்படிச் சொல்வது?" என்று டாக்டர் கேட்டார். பழைய படம் இருந்திருந்தால் அன்றைக்கே நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பார். இல்லாததால் இன்னும் ஆறு மாதம் தூக்கம் கெட்டுக் காத்திருந்தார்.

பயம் ஒரு குடும்பத்தைக் கெடுத்தது, அலட்சியம் இன்னொன்றை. ஆகவே கீழே உள்ளவற்றை வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் சொல்லிக் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

அ. முதல் படத்தையும் அறிக்கையையும் பத்திரப்படுத்துங்கள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போவதாக இருந்தால் படத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். பிறப்புப் பத்திரம் வைக்கும் பெட்டியில் அதையும் வையுங்கள்.

ஆ. டாக்டரிடம் நான்கு கேள்வி கேளுங்கள்: கட்டி எத்தனை மில்லிமீட்டர்? எலும்பு அரித்திருக்கிறதா? சாய மருந்தை வாங்கியதா? அடுத்த படம் எப்போது? பதிலைத் தேதியோடு எழுதிக் கொள்ளுங்கள்.

இ. அறிக்கையில் "பினைன்" என்று இருந்தால் சாது என்று பொருள். "மாலிக்னன்ட்" என்று இருந்தால் புற்று. "சந்தேகம்" என்ற பொருளில் எழுதியிருந்தால், மூளை அறுவைச் சிகிச்சைப் பிரிவுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லுங்கள். கோலாலம்பூர், பினாங்கு, ஜொகூர் பாரு அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிகளில் அந்தப் பிரிவு இருக்கிறது.

ஈ. எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் உடம்பில் இரும்பு இருந்தால் சொல்லிவிடுங்கள். எலும்பு முறிவுக்கு வைத்த தகடு, இருதயத்துக்கு வைத்த கருவி மட்டும் அல்ல. அரிவாளை மெஷினில் தீட்டும்போது எப்போதாவது கண்ணில் இரும்புத்தூள் பாய்ந்திருந்தால், அதையும் அவசியம் சொல்ல வேண்டும். காந்தம் அந்தத் தூளை இழுத்தால் கண்ணுக்கு ஆபத்து. சிறுநீரக நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் சாய ஊசிக்கு முன்பே சொல்லுங்கள். மெஷினுக்குள் இருக்கும்போது டமடம என்று பெரிய சத்தம் வரும், பயப்பட வேண்டாம்.

உ. ஆஸ்பத்திரித் தேதிச் சீட்டு கிடைத்த அன்றே மண்டோரிடமோ ஆபீஸிலோ காட்டுங்கள். வேலைக்கு ஏற்ற கூலி வாங்குகிற நமக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போகிறது என்பது எனக்கும் தெரியும். அன்று போய் வந்ததற்கு ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்கி வையுங்கள். விடுப்புத் தர மறுத்தால் சங்கத்தின் கிளைச் செயலாளரிடம் உடனே சொல்லுங்கள்.

எப்போது உடனே போக வேண்டும்?

சாதுக் கட்டியும் சில சமயம், மிக அபூர்வமாக, தொல்லை தரும். கீழ்க்கண்ட ஏதாவது வந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள்.

பொருள் இரண்டு இரண்டாகத் தெரிவது. ஒரு கண் வெளிப்பக்கம் திரும்பாமல் நிற்பது. கண்ணைத் திருப்பும் நரம்பு கிளைவஸை ஒட்டிப் போவதால் இது வரலாம். இப்படி இருந்தால் மோட்டார் சைக்கிள் ஓட்டாதீர்கள். குலை வெட்டும் அரிவாளைத் தூக்காதீர்கள்.

குனிந்தால் மூக்கின் ஒரு பக்கத்திலிருந்து தெளிந்த நீர் சொட்டுவது. இது சளி அல்ல; மூளையைச் சுற்றியுள்ள நீர் எலும்பு ஓட்டை வழியாகக் கசிவதாக இருக்கலாம். தொண்டையில் உப்புக் கரிக்கும். சளி பட்ட கைக்குட்டை காய்ந்தால் மொடமொடவென்று விறைக்கும். இந்த நீர் காய்ந்தால் விறைக்காது. முடிவாகச் சொல்ல ஆஸ்பத்திரியில் அந்த நீரைச் சோதிப்பார்கள். மூக்கில் பஞ்சு அடைக்காதீர்கள், பலமாகச் சீந்தாதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்தக் கசிவோடு காய்ச்சல், கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, வெளிச்சம் பார்க்கக் கூசுவது. நீர் வெளியே வரும் வழியாகக் கிருமி உள்ளே போனால் மூளைக்காய்ச்சல் வரும். இதில் ஒரு மணி நேரத் தாமதம்கூட உயிருக்கு ஆபத்து. நடு இரவானாலும் வண்டி பிடியுங்கள்.

விழுங்கச் சிரமம், குரல் மாறுவது, முகம் மரத்துப் போவது, நடை தள்ளாடுவது, கை கால் வலு குறைவது.

இத்தகைய தொல்லை வந்தவர்களுக்கு அறுவைச் சிகிச்சை உண்டு. இப்போது மண்டையைப் பிளக்காமல், மூக்கு வழியாகவே குழாய்க் கேமராவை விட்டு எடுக்கிறார்கள். கசிவு இருந்தால் கட்டியை எடுத்துவிட்டு, மூக்கின் உள்தோலையோ உடம்பின் கொழுப்பையோ வைத்து ஓட்டையை அடைக்கிறார்கள்.

தலைவலி எல்லாம் இதனால் அல்ல

கட்டி இருப்பது தெரிந்ததும் ஒவ்வொரு தலைவலிக்கும் அதன் மேல் பழி போடுவது நம் வழக்கம். விடியற்காலையில் வெறும் காப்பியோடு பெரட்டுக்குப் போய், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தால் தலை வலிக்கும். கண்ணாடி போட வேண்டிய கண்ணுக்குப் போடாவிட்டாலும் வலிக்கும். இரத்த அழுத்தம் மிக அதிகமாக ஏறினாலும் வலிக்கலாம். அழுத்தத்தால் பக்கவாதம் வந்து விழுந்தவர்கள் நம் தோட்டங்களில் எத்தனையோ பேர். கட்டிக்குப் பயந்து அழுத்த மாத்திரையை மறந்து விடாதீர்கள். கிளினிக்குக்கு வந்தால் ஐந்து நிமிடத்தில் அழுத்தம் பார்த்துச் சொல்லிவிடுவோம். ஆனால் முன்பு இல்லாத விதமான தலைவலி, நாளுக்கு நாள் கூடினால் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"தலையில் சுமை தூக்கியதால வந்துச்சா? மருந்து அடிச்சதால வந்துச்சா?" இரண்டும் இல்லை. பிறக்கும் முன்பே வந்தது. மருந்து அடிக்கும்போது முகமூடியும் கையுறையும் வேண்டும் என்பது வேறு காரணங்களுக்காக.

"பிள்ளைகளுக்கும் வருமா? ஒட்டிக்கொள்ளுமா?" ஒட்டாது. பிள்ளைகளுக்காகப் பயப்படவும் வேண்டியதில்லை.

"ஏதாவது பத்தியம் இருக்கா?" இல்லை. எண்ணெயோ, லேகியமோ, நீரோ இதைக் கரைக்காது. கரைக்கிறேன் என்று காசு கேட்பவனை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

"வேலைக்குப் போகலாமா?" தொல்லை இல்லாவிட்டால் தாராளமாகப் போகலாம். கல்யாணம் செய்யலாம், பிள்ளை பெறலாம்.

கடைசியாக வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் அவரை நோயாளியாக்கி மூலையில் உட்கார வைக்காதீர்கள். அவருக்குத் தேவை, தேதி தவறாமல் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக ஓர் ஆளும், பழைய படத்தைப் பத்திரமாக வைக்க ஒரு பெட்டியும்தான். சீட்டில் எழுதியிருப்பது புரியவில்லை என்றால் வெட்கப்படாமல் உங்கள் தோட்டத்துக் கிளினிக்குக்கு எடுத்து வாருங்கள். படித்துச் சொல்லத்தான் நாங்கள் இருக்கிறோம்.

— தோட்ட மருத்துவ உதவியாளர்